பேராதனைப் பாலமும் என் இரண்டு பத்திகளும்

அக்கா,

பூந்தோட்ட வாசல் தரிப்பிடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அந்த வாடை வந்தது. ஆற்றுச் சேறு வெயிலில் காயும் வாடை. வெள்ளம் வடிந்து இரண்டு வாரமாகியும் அது போகவில்லை. கடைக்காரர்கள் கதவுகளைத் திறந்துபோட்டு இன்னும் நிலத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பாலத்தின் கீழே மூங்கில் கொத்துகளும் யாருடையதோ கிழிந்த சேலை ஒன்றும் சிக்கிக் கிடந்தன. கண்டியிலிருந்தும் குண்டசாலையிலிருந்தும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கம்பியோரம் வரிசையாக நின்று படம் எடுத்தார்கள். "இவ்வளவு தண்ணிக்கும் அசையல, பாருங்க" என்று ஒருவர் தன் மனைவியிடம் பெருமையாகச் சொன்னார், அவரே கட்டிய பாலம் போல.

அங்கே நிற்கும்போதுதான் வார இதழ் ஆசிரியரின் அழைப்பு வந்தது.

"டீச்சர், நீங்க முன்ன எழுதுன பாலம் கட்டுரை இருக்குல்ல? அத இப்பத் திரும்பப் போட்டா நல்லா இருக்கும். வெள்ளப் படம் கைவசம் இருக்கு. அந்தப் பொம்பள கதையோட அப்படியே போட்டுருவோமே."

நாளைக்குச் சொல்கிறேன் என்று கைப்பேசியை அணைத்துவிட்டேன். அந்தப் பொம்பள நீங்கள். உங்களுக்கு அப்படி ஒரு பெயர் வரும்படி செய்தவள் நான். நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. உங்களிடம் நேரே சொல்ல வேண்டியதை நீங்கள் உயிரோடு இருந்தபோது சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். எழுத்தால் செய்ததை எழுத்தால் அழிக்க முடியாது என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

நாம் பழகியது முழுக்க ஒரு பஸ்ஸுக்குள்தான். கலஹாவிலிருந்து நான் வரும் பஸ் பாலத்தைக் கடப்பதில்லை. பல்கலைக்கழக வழியாக இறங்கி, பாலத்தின் இந்தப் பக்கத்தில் கொழும்புப் பாதையைத் தொட்டு, கண்டிக்குத் திரும்பிவிடும். உங்கள் வீடு அந்தப் பக்கம், கிரிபத்கும்புரப் பாதையில். உங்கள் பக்கத்தால் வரும் பஸ்ஸெல்லாம் நிரம்பி வழியும் என்பதால் நீங்கள் காலையில் பாலத்தை நடந்து கடந்து வந்து எங்கள் பஸ்ஸுக்கு நிற்பீர்கள். முதல் நாள் உங்கள் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கோடு போடும் அடிமட்டம் என் விலாவில் குத்தியது. "ஐயோ, குறை நினையாதேயும் பிள்ளை" என்றீர்கள். பேச்சைக் கேட்டதும் நீங்கள் வடக்கு என்று தெரிந்துவிட்டது. "பரவால்லங்க, வாங்க, இப்பிடி ஒக்காருங்க" என்றேன். நான் மலையகம் என்று உங்களுக்கும் தெரிந்துவிட்டது. நீங்கள் "ஓம்" என்பதும் நான் "ஆமாங்க" என்பதும் பள்ளிக்கூடத்துத் தமிழுக்கு வெளியே எங்கள் இருவரின் சின்னப் பகடியாக வருடக்கணக்கில் ஓடியது.

நீங்கள் பாதைகளையும் பாலங்களையும் பார்க்கும் ஓர் அரசாங்கக் கந்தோரில் படம் வரைபவர். கணினி வந்த பிறகும் முதல் கோட்டைப் பென்சிலால்தான் போடுவேன் என்று பிடிவாதம். வலது கை நடுவிரலில் ஒரு காய்ப்பு இருந்தது. தலைப்புச் செய்தி, நகை விலை, சேலை விலை எதுவும் உங்களுக்குப் பேச்சில்லை. பஸ் ஒரு மதகைக் கடந்தால் திரும்பிப் பார்ப்பீர்கள். ஒருமுறை சொன்னீர்கள்: "படத்தில பொய் சொல்லேலாது. கோடு காட்டிக் குடுத்திடும்."

நான் அந்த வார இதழில் எழுதத் தொடங்கியபோது என்னைவிட நீங்கள்தான் சந்தோசப்பட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் வாங்கினீர்கள். திங்கட்கிழமை காலை பஸ் ஏறியதும் தீர்ப்பு வரும். "ரெண்டாவது பந்தி நல்லம். கடைசி தேவையில்லை." வன்னியிலிருந்து அகதி முகாமுக்கும், முகாமிலிருந்து உங்களிடமும் வந்து சேர்ந்திருந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவதாகச் சொன்னீர்கள். பிறகு அம்மாவே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரை ஓர் எழுத்து விடாமல் வாசிக்கிறார் என்றீர்கள்.

அதுவும் எனக்குத் தெரிந்திருந்தது அக்கா. அம்மா வாசிப்பார் என்பது எனக்குத் தெரியும்.

கண்டியின் பழைய இடங்களைப் பற்றி ஒரு தொடர் எழுதச் சொன்னார் ஆசிரியர். பேராதனைப் பாலத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் உங்கள் முகம் மாறியது. அதை அன்று நான் உற்சாகம் என்று எடுத்துக்கொண்டேன். "சனிக்கிழமை வாரும். காட்டுறன்" என்றீர்கள்.

அந்தச் சனிக்கிழமை காலை நீங்கள் என்னை முதலில் பாலத்துக்கு மேலே கூட்டிப் போகவில்லை. "பாலத்தைக் கீழ இருந்துதான் பாக்கோணும்" என்று கரையோரத்துக்கு இறக்கினீர்கள். புல்லில் செருப்பு வழுக்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் காற்றில் ஒரு வளைவு வரைந்தீர்கள். வெள்ளைக்காரன் முதலில் இங்கே போட்டது முதிரை மரப் பாலம், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரே வளைவு, நடுவில் கால் இல்லை, ஆணியும் இல்லை. மரத்தை மரத்தோடு கொளுவியே நிறுத்தினார்கள். "ஒரு மரம் மற்ற மரத்தில சாய்ஞ்சுதான் நிண்டது. ஒண்டை உருவினா எல்லாம் போயிடும்." உங்கள் தொழிலின் வியப்பு அது. முதிரை தேய்ந்த பிறகு இரும்பு வந்தது, இரும்புக்குப் பிறகு இன்றைய பாலம். ஒவ்வொன்று வரும்போதும் ஊர் பழையதை நினைத்துக் கண்ணீர் விட்டதாம். பெரஹரா ஊர்வலத்துக்குக் கொண்டுபோன யானை ஒன்று மரப் பாலத்தில் ஒரு காலை வைத்துப் பார்த்து, நம்பாமல், ஆற்றில் இறங்கி நடந்தே போனது என்று உங்கள் கந்தோரில் ஒரு பழைய மேற்பார்வையாளர் சொன்ன கதையையும் சொன்னீர்கள். "உண்மையோ தெரியாது. எழுதினா 'சொல்லுவினம்' எண்டு போடும்" என்றீர்கள். எவ்வளவு கவனம் உங்களுக்கு.

பிறகு ஒன்று சொன்னீர்கள். "இதால உங்கட ஆக்கள் நடந்து போயிருப்பினம், என்ன? கம்பளைப் பக்கம், புசல்லாவைப் பக்கம், கோப்பித் தோட்டத்துக்குப் போன சனம். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு. அதை எழுதும். அதை ஒருத்தரும் எழுதேல்ல."

நான் தலையாட்டினேன். குறிப்புப் புத்தகத்தில் 'தோட்டச் சனம் நடந்தது' என்று ஒரு வரி எழுதினேன்.

மேலே ஏறி நடுப் பாலத்துக்கு வந்தபோது நின்றீர்கள். வழியில் வாங்கிய கச்சான் கடலைச் சுருள் கையில் இருந்தது. ஒன்றையும் உடைக்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், அன்றாடப் பேச்சின் குரலில் சொன்னீர்கள்.

யுத்தம் முடிந்ததென்று அறிவித்த காலை. நாலு மாதமாக அம்மாவிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. அம்மா இருந்த ஊரின் பெயர் வானொலியில் வந்தது, பிறகு அடுத்த ஊர், அடுத்தது, பிறகு கடல். நீங்கள் வழக்கம் போல வேலைக்குப் புறப்பட்டு வந்தீர்கள். பாலத்தில் கொடி பிடித்த இளைஞர்கள் வாகனங்களை மறித்துப் பாற்சோறு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பட்டாசுப் புகை. உங்களுக்கும் வாழை இலைத் துண்டில் ஒன்று நீட்டினார்கள். நல்ல பிள்ளைகள், கெட்ட எண்ணத்தோடு கொடுக்கவில்லை என்றீர்கள். வாங்கினீர்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் தின்றீர்கள். சிரித்து, சிங்களத்தில் நன்றியாக "ஸ்துதி" சொன்னீர்கள். நடுப் பாலம் வரை வந்து கம்பியைப் பிடித்தீர்கள்.

"எவ்வளவு நேரம் நிண்டனானெண்டு தெரியாது. அதுக்குப் பிறகு நான் என்ன செய்திருப்பனெண்டும் தெரியாது. தெரியும். செய்திருப்பன்."

அப்போது உங்கள் மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள். பூந்தோட்ட வாசலில் பூச்செடி விற்கும் சிங்களப் பெண். தினமும் நீங்கள் கடந்து போகும் ஆள், ஒரு நாளும் பேசியதில்லை. கையில் மண். "நோனா, மெஹெ என்ன" என்றாராம். சிங்களத்தில் 'மெஹெ' என்றால் இங்கே, 'என்ன' என்றால் வாருங்கள்.

"எனக்குச் சிங்களம் தெரியும்தானே பிள்ளை. ஆனா அந்த நேரம் அது தமிழாத்தான் கேட்டுது. 'என்ன?' எண்டு. ஆரோ என்னைப் பாத்து 'என்ன?' எண்டு கேக்கிற மாதிரி. நாலு மாசமா ஒருத்தரும் என்னை அப்பிடிக் கேக்கேல்ல."

அவர் வேறு ஒன்றும் கேட்காமல் உங்களைத் தரிப்பிடம் வரை கூட்டிப்போய், பஸ்ஸில் ஏற்றி, நடத்துநரிடம் கண்டியில் பார்த்து இறக்கிவிடச் சொல்லியிருக்கிறார். நீங்கள் கந்தோருக்குப் போய் அன்றைக்கு முடிக்க வேண்டிய படத்தை முடித்தீர்கள்.

சொல்லிவிட்டுக் கச்சானை என் கையில் தந்தீர்கள். "அம்மாவுக்குத் தெரியாது" என்றீர்கள். அவ்வளவுதான். இதை எழுதாதே என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லித் தடுக்க வேண்டிய ஆள் நான் என்று நீங்கள் நினைக்கவில்லை.

நான் எழுதிய முதல் கட்டுரையில் அது இல்லை. இதை உங்களுக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது, அதனால் என் குற்றம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. முதிரைப் பாலம், இரும்புப் பாலம், யானை, வெள்ளங்கள், எல்லாம் எழுதி அனுப்பினேன். ஆசிரியர் கூப்பிட்டார். "தகவல் எல்லாம் நல்லா இருக்கு டீச்சர். உயிர் இல்ல. மனுசங்க இல்ல."

அன்று பின்னேரம் மேசையில் உட்கார்ந்து இரண்டு பத்தி சேர்த்தேன். கை தயங்கவே இல்லை. அதுதான் என்னை இன்றைக்கும் கூசவைக்கிறது. இவ்வளவு சரளமாக நான் முன்பும் எழுதியதில்லை, பிறகும் எழுதியதில்லை. ஏனென்றால் அதில் பாதி உங்கள் வாயிலிருந்து வந்தது. பெயர் போடவில்லை. ஆனால் படம் வரையும் பெண் என்று போட்டேன். அடிமட்டம் நீட்டிக்கொண்டிருக்கும் பையைப் போட்டேன். பச்சை இலை போட்ட குடையைப் போட்டேன், அந்தக் குடை கட்டுரைக்கு எதற்கு? நாலு மாதம் சேதியில்லாத தாயைப் போட்டேன். "என்ன?" என்ற அந்தச் சொல்லில் கட்டுரையை முடித்தேன். நடந்து போன என் ஆட்களுக்கு ஒரு வரி. உங்களுக்கு இரண்டு பத்தி.

கட்டுரை வந்த ஞாயிறு ஐந்தாறு பேர் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். பாடசாலையில் அதிபர் அதைப் பிரதி எடுத்து அறிவித்தல் பலகையில் ஒட்டச் செய்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு முறை அந்தப் பலகைப் பக்கமாகத் தேவையில்லாமல் நடந்தேன்.

திங்கட்கிழமை நீங்கள் பஸ் ஏறினீர்கள். எப்போதும் போல என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். பையை மடியில் வைத்தீர்கள். பஸ் கெட்டம்பேயைத் தாண்டியது.

"அம்மா வாசிச்சுப்போட்டா" என்றீர்கள்.

நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்கு நினைவிருக்கும். மன்னியுங்கள் என்று சொல்லவில்லை. "பேர் போடலியே அக்கா" என்றேன்.

நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு மாணவி கணக்கைத் தப்பாகச் செய்து, அது சரி என்று அடம்பிடிக்கும்போது நாங்கள் பார்ப்போமே, அப்படிப் பார்த்தீர்கள். "ஓம்" என்றீர்கள். "பேர் போடேல்ல."

அந்த வாரத்தின் நடுவில் ஒரு நாள் நீங்களாகவே சொன்னீர்கள். அம்மா அன்றிரவு சாப்பிடவில்லையாம். விடிய எழுந்து உங்கள் கட்டிலில் வந்து உட்கார்ந்து கேட்டாராம்: "நாங்கள் அங்க உயிரைப் பிடிச்சுக்கொண்டு கிடக்க, நீ இஞ்ச விடப் பாத்தனியோ?" ஒரு கேள்வி. அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையாம்.

அடுத்த திங்கள் முதல் அம்மா உங்களோடு வரத் தொடங்கினார். எழுபதைத் தாண்டிய தாய், தலை நரைத்த அரசாங்க உத்தியோகத்தரான மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பாலத்தைக் கடந்து வருவார். கம்பி இருக்கும் பக்கத்தில் அவர் நடப்பார், பாதைப் பக்கம் உங்களை விடுவார். வாகனம் இடித்தாலும் பரவாயில்லை, ஆற்றுப் பக்கம் விடமாட்டேன் என்பது போல. தரிப்பிடத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்த்துச் சிரித்தார்கள். நீங்கள் குனிந்துகொண்டு நின்றீர்கள், ஆனால் கையை உருவிக்கொள்ளவில்லை. பஸ் வந்ததும் அம்மா உங்களை ஏற்றிவிட்டு, ஜன்னல் வழியாக உள்ளே பார்ப்பார். என்னைப் பார்ப்பார். பின்னேரம் நீங்கள் இறங்கும்போது அதே இடத்தில் நின்றுகொண்டிருப்பாராம், மழையானாலும்.

எத்தனை நாள் அதைப் பார்த்தேன்? இரண்டு வாரம் கூட இல்லை. எனக்குக் காலையில் மேலதிக வகுப்பு இருக்கிறது என்று உங்களிடம் பொய் சொல்லிவிட்டு முந்தின பஸ்ஸுக்கு மாறிவிட்டேன். "நல்லது, பிள்ளைகளுக்கு உதவிதானே" என்றீர்கள். பொய் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு வசதியாக இருக்கட்டும் என்று அதை ஏற்றுக்கொண்டீர்கள். உங்கள் வீட்டின் அமைதியைக் கெடுத்தவள் ஒரு பஸ் முன்னால் ஏறித் தப்பித்துக்கொண்டாள். நீங்களும் அம்மாவும் அதே பாலத்தில் தினமும் நடந்தீர்கள்.

பிறகு வருடங்கள் போயின. கண்டி நகரில், மார்க்கட் வாசலில், தூரத்தில் உங்களைக் கண்டால் பாதையைக் கடந்து மற்றப் பக்கம் போவேன். ஒருமுறை வாசிகசாலைப் படியில் நேருக்கு நேர் வந்துவிட்டோம். "சுகமா? எழுதுறீரோ?" என்று கேட்டீர்கள். மெலிந்திருந்தீர்கள். "எழுதுறேன்க்கா" என்றேன். "விடாதேயும்" என்றீர்கள். நான் அவசரம் என்று சொல்லி இறங்கினேன். அந்த மெலிவு நோயின் தொடக்கம் என்று பிறகு தெரிந்தது.

நீங்கள் போன செய்தியை அந்த வார இதழின் மரண அறிவித்தல் பக்கத்தில்தான் பார்த்தேன். உங்கள் படம் சின்னதாக இருந்தது. வெள்ளைச் சேலை எடுத்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். பூந்தோட்ட வாசலில் இறங்கிப் பாலத்தில் நடந்தேன். கம்பியில் மரண வீட்டு வெள்ளைக் கொடிகள் கட்டியிருந்தார்கள், உங்கள் கந்தோர் ஆட்களாக இருக்கும். நடுப் பாலம் வரை போனேன். உங்கள் வீட்டு வாசலில் அம்மா உட்கார்ந்திருப்பார், என்னைப் பார்ப்பார், அதை நினைத்ததும் திரும்பிவிட்டேன். மரண வீட்டுக்குப் போய்வந்ததாக வீட்டில் சொன்னேன். தலைக்கும் முழுகினேன். இதைவிடக் கீழே ஒருத்தி இறங்க முடியுமா என்று தெரியவில்லை.

இனி, வெள்ளத்துக்குப் பிந்திய அந்த நாளுக்கு வருகிறேன். ஆசிரியர் பேசி முடித்த பிறகு சேற்று வாடைக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். ஓய்வு பெற்றவள், பிடிக்க வேண்டிய பஸ் இல்லை, சொல்ல வேண்டிய பொய்யும் கையில் இல்லை. பாலத்தில் ஏறினேன். படம் எடுக்கிறவர்களை விலக்கிக்கொண்டு அந்தக் கரைக்குப் போனேன்.

வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. தண்ணீர் அதுவரை ஏறவில்லை. கதவைத் திறந்தவர் அம்மாதான். நன்றாகச் சுருங்கிவிட்டார்.

"ஆர்?"

"நான் டீச்சர், அம்மா. கலஹா பஸ்ல வர்றவ."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "உள்ள வாரும்" என்றார். உட்காரக் கதிரையைக் காட்டினார். அலுமாரிக்கு மேல் பழைய பத்திரிகைக் கட்டு ஒன்று நூலால் கட்டி அடுக்கியிருந்தது. நான் அதைப் பார்ப்பதைக் கண்டார்.

"கடைசி வரைக்கும் வாங்கினவள். நான் வேண்டாமெண்டனான். 'இல்லையம்மா, அவ நல்லா எழுதுறா' எண்டவள்."

"என்ன மன்னிச்சிருங்கம்மா" என்றேன். இத்தனை வருடம் நாக்கில் கிடந்த சொல். வந்து விழுந்தபோது அதற்கு எடையே இல்லை.

அவர் அதை எடுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. "இப்ப ஏன் வந்தனீர்?" என்று கேட்டார்.

அங்கே மட்டும் பொய் சொல்லவில்லை அக்கா. "அந்தக் கட்டுரையத் திரும்பப் போடணும்னு கேக்குறாங்க. போடலாமான்னு உங்ககிட்ட..."

"என்னட்டை ஏன் கேக்கிறீர்?" அம்மாவின் குரல் உயரவில்லை. "அது என்ர கதை இல்லை. அவளின்ர. அவள் இருக்கேக்க அவளிட்டைக் கேட்டிருக்கோணும். கேட்டிருந்தா ஓமெண்டிருப்பாள், தெரியுமோ உமக்கு? அவளுக்கு ஆருக்கும் இல்லையெண்டு சொல்லத் தெரியாது. ஆனா பேப்பரில வாறதுக்கு முதல் என்னட்டைச் சொல்லியிருப்பாள். தன்ர வாயால. நான் அவளின்ர வாயால கேட்டிருப்பன்."

சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைக்கவில்லை. கண்ணில் ஒன்றும் இல்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "உம்மட எழுத்தில வாசிச்சாப் பிறகு நான் அவளிட்டை என்னத்தைக் கேக்கிறது? எல்லாம் அதில வடிவா எழுதியிருந்துது."

பெயர் போடவில்லை, பெயர் போடவில்லை என்று இத்தனை வருடம் எனக்குள்ளே வாதாடிக்கொண்டிருந்தேன். நான் எடுத்தது உங்கள் பெயரை அல்ல. ஒரு தாய்க்கும் மகளுக்கும் இடையில் ஒரு நாள் நடந்திருக்க வேண்டிய பேச்சை எடுத்துவிட்டேன். நீங்கள் அதற்கு நாள் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். முதலில் என்னிடம் சொல்லிப் பார்த்ததே, அம்மாவிடம் சொல்வதற்கு ஒத்திகையாகக்கூட இருந்திருக்கலாம். இனித் தெரியாது.

அம்மா எழுந்து போய்த் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வந்தார். சீனி கூடுதலாக இருந்தது. முழுவதையும் குடித்தேன்.

அன்று பின்னேரமே ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். "போடாதீங்க." அவர் விடவில்லை. "அந்தப் பகுதிய மட்டும் வெட்டிட்டுப் போடுவமா?" "வேணாம். அது இல்லாம அந்தக் கட்டுரையில ஒண்ணுமில்லன்னு நீங்கதான சொன்னீங்க" என்றேன். வேறு ஏதாவது பாலத்தைப் பற்றித் தரும்படி கேட்டார். நீங்கள் எழுதச் சொன்னதை எழுதப் பார்க்கிறேன், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்த சனத்தை. ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் போகவில்லை. என் பாட்டனும் பூட்டனும் எந்தப் பாதையால் வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் கேட்டு வைக்கவில்லை. அதைத் தேடுவது கஷ்டம். உங்களுடையது கச்சான் சுருளோடு கைக்கு வந்தது.

அன்று நான் கிளம்பும்போது அம்மா வாசல் வரை வந்தார். "வியாழக்கிழமையில பேராதனை ஆஸ்பத்திரியில கிளினிக். தனியப் பஸ் ஏறப் பயமாக் கிடக்கு. வருவீரோ?" என்று கேட்டார். மன்னித்துவிட்டார் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. துணைக்கு ஆள் இல்லை, நான் வாசலில் நின்றேன், கேட்டார்.

மூன்று வியாழன் போய்வந்துவிட்டோம். அவருடைய மருந்துப் பையையும் கிளினிக் கொப்பியையும் நான் தூக்கிக்கொள்கிறேன். பஸ்ஸில் அவர் என்னோடு பேசுவதில்லை. பாலம் வரும்போது கண்ணை மூடிக்கொள்கிறார். நான் மூடுவதில்லை. பார்க்க வேண்டியவள் நான்.

போன வாரம் கிளினிக்கில் புதிதாக ஒரு தாதி. சின்னப் பெண், தமிழ் தெரியாது. கொப்பியைப் பார்த்துவிட்டு என்னைக் காட்டி, மகளா என்று அம்மாவிடம் சிங்களத்தில் கேட்டார். அந்தச் சொல் அம்மாவுக்குத் தெரியும். தலையை ஆட்டி மறுத்தார். "இல்லைப் பிள்ளை. இவ என்ர மோளோட கொஞ்சக் காலம் பஸ்ஸில போன டீச்சர்" என்றார்.

தாதிக்கு விளங்கவில்லை. என்ன சொல்கிறார் என்று என்னைப் பார்த்தார். நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன், ஒரு சொல்லும் கூட்டாமல், ஒரு சொல்லும் குறைக்காமல்.